இடது காதுக்கானது

காலை எட்டேகால் மணிக்கு ரோஜாவின் இயர்பட்ஸ் பெட்டியை வாங்கி அலமாரியில் வைக்கப்போன மாரித்தாய், கையை அப்படியே நிறுத்திக்கொண்டாள். பெட்டியின் எடை குறைந்திருந்தது. ஒரு புளியங்கொட்டை அளவுக்குத்தான் குறைவு. வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. ஆனால் இரண்டு வருசமாக ஞாயிறு தவிர எல்லா நாளும் அந்தப் பெட்டியைக் காலையில் வாங்கி வைத்துச் சாயங்காலம் எடுத்துக் கொடுக்கிற கை அவளுடையது. நகத்தால் மூடியை நெம்பினாள். வலது பக்கக் குழியில் முத்து வெள்ளையில் ஒன்று உட்கார்ந்திருந்தது. இடது பக்கக் குழி காலியாக இருந்தது.

ரோஜா அதற்குள் உள்ளே போயிருந்தாள்.

அச்சங்குளத்துக்கு மேற்கே இருக்கிற அந்தப் பட்டாசுக் கம்பெனியில், பேட்டரி உள்ள எதுவும் கேட்டைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. செல்போன், வாட்ச், பவர் பேங்க் எல்லாவற்றையும் வெளியே மாரித்தாயிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பன்னிரண்டு வருசம் திரி வெட்டியவள் அவள். மணிக்கட்டு நரம்பு இழுத்துக்கொண்டபின் கம்பெனி அவளுக்குக் காக்கிச் சட்டை ஒன்றைக் கொடுத்துக் கேட்டில் உட்கார வைத்தது. வந்த புதிதில் இதென்ன உட்கார்ந்து தேய்கிற வேலை என்றிருந்தது. பிறகுதான் அந்த மர அலமாரி அவளைப் பிடித்துக்கொண்டது. தொண்ணூறு சிறு அறைகள், தொண்ணூறு பேருடைய சாமான்கள். மாரிசாமியின் நீல ஸ்பீக்கர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், ஆனால் சாயங்காலம் அதைத் தட்டிவிட்டான் என்றால் ரோடு முழுக்கக் கேட்கும். முத்துச்செல்வியின் கழுத்துப் பட்டை இயர்போனின் இரண்டு முனையும் காந்தம் வைத்து ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். பார்த்தால் பாம்பு தன் வாலைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற மாதிரி இருக்கும். சின்னப் பிள்ளையின் மருந்து டப்பா மாதிரி ஒன்று, ஆற்றுக் கூழாங்கல் மாதிரி ஒன்று, மூடும்போது பெட்டித் தாழ்ப்பாள் போல ஓசை எழுப்புகிற ஒன்று. தன்னிடம் பட்டன் போன் மட்டும் வைத்திருந்த மாரித்தாய் அவற்றை ஆசையாகத் தொட்டுத் தொட்டு எதில் என்ன நயம் என்று தெரிந்துவைத்திருந்தாள். சாத்தூரில் போய்ப் புதிதாக வாங்குகிறவர்கள்கூட, "மாரிக்கா, எது நல்லாருக்கும்?" என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அந்த அலமாரியிலேயே அழகு ரோஜாவுடையதுதான். தட்டையான வெள்ளைப் பெட்டி, ஓரத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு பொன் கோடு. ரோஜாவுக்கும் அது பொருத்தம்தான். இருபத்து மூன்று வயசு, நிமிர்ந்த நடை. கம்பெனி வண்டியை விட்டு இறங்கிக் கேட்டுக்கு வரும்வரை இரண்டு காதிலும் அது இருக்கும். எல்லோரும் கொடுத்து முடித்த பிறகு, கடைசி ஆளாகக் கழற்றிக் கொடுப்பாள். உள்ளே யாராவது கூப்பிட்டால் திரும்பமாட்டாள். இரண்டாம் தரம், மூன்றாம் தரம் கூப்பிட வேண்டும். அதனால் அவளுக்குத் திமிர் என்று ஒரு பேச்சு இருந்தது. கழற்றினாலும் காதுக்குள் பாட்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும்போல என்று முத்துச்செல்வி சொல்லிச் சிரிப்பாள்.

காலிக் குழியைப் பார்த்தபடி மாரித்தாய் நின்றாள். பெண்களின் இடுப்பு மடிப்பையும் கொண்டையையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும். ரோஜாவின் தலையில் அவள் கை வைத்ததே இல்லை. பெட்டியையே கொடுத்துவிடுகிற பிள்ளையை என்னத்தைச் சோதிக்க என்ற நினைப்பு. இன்றைக்கு ரோஜா காதை மறைத்து முடியை இறக்கிப் பின்னியிருந்ததும் இப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆடி மாசம் கையில் வாட்சோடு உள்ளே போன ஒருவனைப் போர்மேன் சீனிச்சாமி அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். அவரிடம் சொன்னால் ரோஜாவின் வேலை போய்விடும். சொல்லாமல் விட்டால், வெடிமருந்துத் தூள் பறக்கிற ரூமில் ஒரு பேட்டரி இருக்கும். பக்கத்துக் கம்பெனியில் போன வருசம் நான்கு ரூம் தரைமட்டமான மத்தியானத்தை மாரித்தாய் பார்த்திருக்கிறாள். கேட்டைப் பூட்டினாள். செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு மண்பாதையில் நடந்தாள். உள்ளே ஓடக்கூடாது, ஓடினால் எல்லோரும் பயந்துவிடுவார்கள்.

பதினேழாம் ரூமில் நான்கு பெண்கள் தரைச் சக்கரத்துக்குத் திரி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ரோஜா வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மாரித்தாய் சத்தம் போடவில்லை. மூச்சு விடுகிற அளவுக்குத்தான் "ரோஜா" என்றாள். ரோஜா உடனே திரும்பினாள். மற்ற மூன்று பேரும் அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தார்கள்.

வேப்பமரத்தடிக்குக் கூட்டிவந்து கையை நீட்டினாள் மாரித்தாய். ரோஜா ஒன்றும் மறைக்கவில்லை. முடியை ஒதுக்கி, காதிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஏ புள்ள, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? சாயங்காலம் வரைக்கும் பாட்டு கேக்காட்டி செத்தா போயிருவே? தொண்ணூறு உசுரு உள்ள இருக்கு."

ரோஜா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மெல்லப் பேசுங்கக்கா. அதக் களட்டிட்டா எனக்கு வாயப் பாத்தாத்தான் வெளங்கும்" என்றாள்.

மாரித்தாய்க்கு ஒன்றும் புரியவில்லை.

"பாட்டு இல்லக்கா. என் போனு ஒங்க அலமாரியிலதான இருக்கு? இது காது மிசினு. ஏழு வயசுல காச்சல் வந்துச்சு, அதுல ரெண்டு காதும் மந்தமாப் போச்சு. பள்ளிக்கூடத்துல தோல் கலர்ல பெருசா ஒண்ணு குடுத்தாங்க. அதப் போட்டுட்டுப் போனா, 'செவிட்டு ரோஜா'ன்னு தெருவே கூப்புடும். களட்டி எறிஞ்சுட்டேன். பெறகு மதுரையில இதப் பாத்தேன். பாட்டு கேக்குறது மாதிரியே இருக்கு. ஒருத்தருக்கும் தெரியல. ரெண்டு தீவாளி போனசச் சேத்து வாங்கினேன்."

"அப்போ ரெண்டு வருசமா உள்ள…"

"வாயப் பாத்துக்கிடுவேன். நெழலப் பாத்துக்கிடுவேன். யாரு எந்திரிச்சாலும் நானும் எந்திரிப்பேன்." அவள் கீழே பார்த்தாள். "போன வாரம் மின்னல் வெட்டுதுன்னு இடி மணி அடிச்சீகள்ல? மூணு பேரும் போயிட்டாங்க. நான் குனிஞ்சு ஒட்டிக்கிட்டே இருந்தேன். நிமுந்து பாத்தா ரூமுல யாருமில்ல. அன்னைலருந்து தூக்கமில்லக்கா. அதான் ஒண்ண மட்டும் போட்டுட்டு வந்தேன். போர்மேன்ட்ட சொல்லிராதீக."

மாரித்தாய் உள்ளங்கையைப் பார்த்தாள். இலந்தைக் கொட்டை அளவில், காதின் வளைவுக்கேற்ப லேசாக வளைந்து, ஒரு தோடு மாதிரி கிடந்தது. இத்தனை நாள் தான் ரசித்த அந்தப் பொன் கோட்டின் முனையில் எறும்புக்கண் அளவு ஓட்டைகள் இருப்பதை இப்போதுதான் கவனித்தாள். உலகத்துச் சத்தமெல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் இந்தப் பிள்ளைக்குள் போகிறது. எந்த ஊரிலோ எவனோ ஒருத்தன் உட்கார்ந்து, காது கேட்காத ஒருத்தி தெருவில் தலை நிமிர்ந்து போக வேண்டும் என்று யோசித்து இதை இவ்வளவு அழகாகச் செய்திருக்கிறான். அவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அதே நேரம், இவள் அதை ஒவ்வொரு காலையும் கழற்றித் தன் கையில் கொடுத்துவிட்டு, சத்தம்தான் உயிரைக் காக்கிற இடத்துக்குச் சத்தமே இல்லாமல் போயிருக்கிறாள் என்பது நெஞ்சில் இறங்கியது. வாங்கி வைத்தது தன் கைதான்.

"இது உள்ள இருக்கக் கூடாது தாயி" என்றாள், வாயை நன்றாகத் திறந்து. "நீயும் இப்படி இருக்கக் கூடாது. இன்னைக்கு ஒரு நா பொறு. நான் யோசிக்கேன்."

ரூமுக்கு வந்து, வெளிச்சம் பத்தாது என்று சாக்குச் சொல்லி, முத்துச்செல்வியையும் ரோஜாவையும் இடம் மாற்றி உட்கார வைத்தாள். இப்போது ரோஜாவின் முகம் வாசலைப் பார்த்திருந்தது. கேட்டுக்குத் திரும்பிப் பெட்டிக்குள் இடது பக்கத்தை வைத்து மூடிய பிறகும் மாரித்தாய்க்கு நிலைகொள்ளவில்லை. காபந்து செய்துவிட்டோமா, களவுக்குக் கூட்டுப் போகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் இருக்கும். மேற்கே ஏற்கெனவே கருத்திருந்த வானம் ஒரு தரம் வெட்டியது. மாரித்தாய் மணிக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மின்னல் வெட்டினால் கையில் இருப்பதை இருந்தபடி வைத்துவிட்டு எல்லோரும் கேட்டுக்கு வெளியே இருக்கிற செட்டுக்கு வந்துவிட வேண்டும். கேட்டில் நின்று தலையை எண்ணுவது அவள் வேலை. ரூம் ரூமாகப் பெண்கள் வந்தார்கள். பதினேழாம் ரூமிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்.

"ரோஜா எங்கன?"

"மணிக்கு முன்னாலயே எந்திரிச்சுப் போயிட்டாளே" என்றாள் முத்துச்செல்வி. "இங்கன வரலையா?"

மாரித்தாய் எண்ணிக்கையை விட்டாள், கேட்டை விட்டாள். இந்த முறை ஓடினாள். பதினேழில் யாரும் இல்லை. பக்கத்து ரூமிலும் இல்லை. இரண்டாம் மின்னல் வெட்டியபோது, பசை காய்ச்சுகிற கொட்டகைக்குப் பின்னால் தொட்டி அருகே ஒரு முதுகு தெரிந்தது. ரோஜா குழாயடியில் குனிந்து பசைத் தகரத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் இடி உருண்டது. அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மாரித்தாய் கூப்பிடவில்லை. ஓடிப்போய்த் தோளைப் பிடித்தாள். திரும்பிய முகத்தில் முதலில் சிரிப்பு இருந்தது. மாரித்தாயின் முகத்தைப் பார்த்ததும் அது போயிற்று. கையைக் கோத்துக்கொண்டு இரண்டு பேரும் கேட்டுக்கு வந்து சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

சீனிச்சாமி திறந்து கிடந்த கேட்டருகில் நனைந்துகொண்டு நின்றார். "கேட்ட விட்டுட்டு எங்கன போனே? தல எண்ணியாச்சா? ஒன்ன நம்பித்தான இத்தன பேரு?"

"தண்ணிக் குளாயத் தெறந்து போட்டுட்டாங்கன்னு…" என்று இழுத்தாள் மாரித்தாய். அவளுக்குப் பொய் நன்றாக வராது.

ரோஜா இரண்டு பேருடைய உதடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அலமாரிக்குப் போனாள். தன் பெட்டியை எடுத்து, இடது, வலது என்று இரண்டையும் காதில் மாட்டினாள். முடியை அள்ளிப் பின்னால் முடிந்துகொண்டாள். எல்லோரும் பார்க்க நின்று சொன்னாள்:

"அக்கா என்னத் தேடித்தான் வந்தாங்க சார். எனக்குக் காது கேக்காது. மணி கேக்கல. இது காது மிசினு."

செட்டில் தொண்ணூறு பேரும் இருந்தார்கள். தகரக் கூரையில் விழுகிற மழை மட்டும் கேட்டது. சீனிச்சாமி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். திட்டப்போகிறார் என்றுதான் மாரித்தாய் நினைத்தாள். அவர் மழை குறையும்வரை காத்திருந்தார். குறைந்ததும் செட்டின் கடைசிக்கு நடந்துபோய், எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தனக்குத்தானே முணுமுணுப்பது போல என்னவோ சொன்னார். பக்கத்தில் நின்றவர்களுக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

"மூணு பேரு சார்" என்றாள் ரோஜா. "அம்மா, நானு, தங்கச்சி."

சீனிச்சாமி திரும்பினார். "வீட்டுல எத்தன பேருன்னுதான் கேட்டேன்" என்றார், மற்றவர்களைப் பார்த்து. குரலில் இருந்த ஆச்சரியத்தை அவரால் மறைக்க முடியவில்லை. யாரோ கை தட்டினார்கள். அவர் அதை அமர்த்திவிட்டு ரோஜாவிடம் வந்தார். "இதோட உன்ன உள்ள விட முடியாது. இது இல்லாமயும் இனிமே விட மாட்டேன். வெளி செட்டுல லேபிள் ஒட்டுற எடத்துல ஆளு வேணுமான்னு மொதலாளிட்ட கேக்கணும். அங்கன கூலி கம்மி. குடுப்பாகன்னும் சொல்ல முடியாது."

"சரி சார்."

"இம்புட்டு நா எப்படித்தா சமாளிச்சே?"

ரோஜா விரலால் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். சீனிச்சாமி ஆபீஸ் பக்கம் நடந்தார். மாரித்தாயைக் கடக்கும்போது, "நாளைக்கு நீயும் வா" என்று மட்டும் சொன்னார். எதற்கு என்று அவளுக்குத் தெரியும். கேட்டைத் திறந்துபோட்டு ஓடியதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று மணிக்கே வேலை முடிந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகிற கம்பெனி வண்டிக்குக் காத்திருந்த பெண்கள் ரோஜாவைச் சுற்றிக்கொண்டார்கள். பாட்டும் கேட்குமா, குளிக்கும்போது என்ன செய்வாய், தூங்கும்போது எங்கே வைப்பாய் என்று கேள்வி மேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் அவள் நிதானமாகப் பதில் சொன்னாள். யாரும் இரண்டாம் தரம் கேட்க வேண்டியிருக்கவில்லை. முத்துச்செல்வி மட்டும் வெகுநேரம் தள்ளி நின்றுவிட்டுக் கிட்டே வந்து, ரோஜாவின் காதோரம் அவிழ்ந்து விழுந்திருந்த முடியை விரலால் எடுத்துச் செருகிவிட்டாள்.

மழை நின்று, கூரையிலிருந்து சொட்டுகள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன. ரோட்டில் பள்ளத்துக்குப் பள்ளம் தண்ணீர் தேங்கி வெயில் மஞ்சளாகக் கிடந்தது. பேச்சுக்கு நடுவே ரோஜா சட்டென்று கையை உயர்த்தினாள். முகத்தைக் கண்மாய்ப் பக்கம் திருப்பினாள்.

"வண்டி வருது" என்றாள்.

எல்லோரும் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தார்கள். மாரித்தாயும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். தவளைச் சத்தம்தான் கேட்டது. "எங்கன வருது? ஒண்ணையும் காணமே" என்றாள் ஒருத்தி. ரோஜா அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தனை பேரும் அவள் பார்க்கிற பக்கம் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்மாய்க் கரை வளைவில், கருவேலங்காட்டுக்கு மேலே, கொக்குகள் கூட்டமாகக் கிளம்பின. அதற்குப் பின்னால் வண்டியின் நீலத் தலை மெல்ல எட்டிப்பார்த்தது.