முப்பது ஜிபி நிக்காஹ்

காலை பதினொரு மணிக்கு எழில்மொழியின் கணினித் திரை, அனுப்பி முடிக்க இன்னும் மூன்று மணி நேரம் இருபது நிமிடம் ஆகும் என்றது. அவள் முத்துப்பேட்டையில் எடுத்துத் தொகுத்த கல்யாணப் படம் முப்பது ஜிபி. பக்கத்து நாற்காலியில் மணப்பெண் நுஸைபா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். குவைத்தில் இருக்கும் அவளுடைய அத்தா லியாகத் அலிக்கு லீவு கிடைக்காததால் மகள் கல்யாணத்தையே பார்க்கவில்லை. இன்று நம் நேரத்துக்கு ஒன்றரை மணிக்கு வண்டியேறிப் பாலைவனத்து முகாமுக்குப் போகிறார். அங்கே மூன்று மாதம் இன்டர்நெட் கிடையாது.

"ரெண்டு லைன் போட்டிருக்கேன், பறக்கும்னு சொன்னீங்களேக்கா?"

சொன்னாள்தான். போன மாதம் இரண்டாவது இணைப்பு வாங்கி, இரண்டையும் ஒரே ரவுட்டரில் செருகியபோது, சோதனையில் வேகம் இரட்டிப்பாகவே காட்டியது. இப்போதோ ரவுட்டரில் ஒரு விளக்கு துடிக்கிறது. மற்றது எப்போதாவது சிமிட்டிவிட்டுச் சும்மா இருக்கிறது.

அந்தச் சோம்பேறி விளக்கைப் பார்த்ததும்தான் அவளுக்கு விளங்கியது. ரவுட்டர் இரண்டு லைனையும் முறுக்கி ஒன்றாக்குவதில்லை. வருகிற ஒவ்வொரு வேலையையும் ஏதாவது ஒரு லைனில் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். வேகச் சோதனை பல சின்ன வேலைகளை ஒரே நேரத்தில் அனுப்புகிறது. அவை பிரிந்து இரண்டு பக்கமும் ஓடுகின்றன. ஒரு பெரிய ஃபைல் என்பது ஒரே வேலை. நூறு மூட்டை நெல்லை இரண்டு வண்டியில் ஏற்றலாம். அத்தனையையும் ஒரே ராட்சதச் சாக்கில் கட்டினால் இரண்டாவது வண்டி வேடிக்கைதான் பார்க்கும்.

"துண்டு துண்டா அனுப்பணும்," என்றாள்.

நுஸைபா நிமிர்ந்தாள். "அறுக்கக் கூடாதுன்னு அம்மா மொதல்லயே சொன்னாங்களேக்கா. துஆ ஓதுறது நடுவுல நின்னா மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

அதனால்தான் எழில்மொழியும் ஒரே ஃபைலாகக் கட்டிவைத்திருந்தாள். படத்தை அறுக்காதே என்றதை, சாக்கையும் பிரிக்காதே என்று தானாக எடுத்துக்கொண்டது அவள் தப்பு.

"படத்துல கையே வெக்கலம்மா. சாக்கத்தான் பிரிக்கிறோம். அங்க சேத்துட்டா தையல்கூடத் தெரியாது. ஆனா ஒரு துண்டு கொறஞ்சாலும் தெறக்காது."

"அத்தாவுக்கு வாட்ஸப் பாக்கவே நெடுஞ்செழியன் அண்ணன் வேணும்."

குவைத்தில் அத்தாவின் அறைத்தோழரான பட்டுக்கோட்டை நெடுஞ்செழியன் போனை எடுத்தார். "அறுவது துண்டா? கல்யாண வீடியோவாங்க, கறிக்கடையா? சரி, அனுப்புங்க. வர வர எறக்கிக்கிறேன்."

நான்கு நான்காக அனுப்பினாள். இரண்டு விளக்கும் போட்டி போட்டுக்கொண்டு துடித்தன. ஒரு மணிக்கு அறுபதும் ஏறிவிட்டன. ஆனால் நாற்பத்தொன்றாவது துண்டு பழுதாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அதை மட்டும் மறுபடி அனுப்பினாள். முழுப் படமாக இருந்திருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்று வாய்வரை வந்ததை, நுஸைபாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

ஒன்று இருபத்தேழுக்கு நெடுஞ்செழியனின் குரல் வந்தது: "தெறந்துடுச்சுங்க! வண்டியும் வந்துடுச்சு!"

நுஸைபா எழில்மொழியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சற்றுப் பொறுத்து நெடுஞ்செழியனின் போனிலிருந்து ஒரு போட்டோ வந்தது. ஓடும் வண்டி, ஜன்னல் முழுக்க மணல். லியாகத் அலியின் மடியில் மடிக்கணினி. வெயில் படாமல் திரைக்கு மேல் கூரைபோல யாருடைய இரண்டு கைகளோ. அந்த நிழலுக்குள் தலையைக் கவிழ்த்திருந்ததால் அவர் முகம் தெரியவில்லை. நுஸைபா இரண்டு விரலால் போட்டோவைப் பெரிதாக்கிக்கொண்டே இருந்தாள்.