ஆறாம் அட்டையில் பதினோராவது ஓட்டை

1

இந்தக் கதை ஒரு தொலைபேசிச் சண்டையில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் அழைத்தார். ஒஹாயோவில் நான் ஒரு துப்பாக்கி கிளப்பில் உறுப்பினன் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள்.

"பிரமாதம் சார். அமெரிக்கா, துப்பாக்கி! ஒரு சிறுகதை குடுங்க. யாரு சாகறா?"

"யாரும் சாகல."

"சரி, யாருக்காவது காயம்?"

"தகர டப்பாவுக்கு."

அவர் சிரித்தார். "அப்ப துப்பாக்கி எதுக்கு சார்?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகும் பத்து நிமிடம் சமையலறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். அவர் மீதுள்ள கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். கோபம் அவர் மீது இல்லை என்பது மூன்றாவது வாக்கியத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. யார் மீது என்று உங்களிடம் சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள், அல்லது பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். இன்று நான் யாரிடமும் கெஞ்சுகிற மனநிலையில் இல்லை.

2

துப்பாக்கி எதுக்கு?

பாயிண்ட் டூ டூ ரைஃபிளின் தோட்டா என் சுண்டுவிரல் நகத்தைப்போல இரண்டு மடங்கு நீளம், அவ்வளவுதான். சுட்டால் தோளில் உதை இல்லை. சத்தம், பக்கத்து வீட்டுக் கதவை யாரோ கொஞ்சம் வேகமாகச் சாத்தியது போல இருக்கும். ஒரு பெட்டி ஐம்பது தோட்டாவும் ஒரு சாப்பாட்டு விலைகூட ஆகாது. ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர்க்காரர்கள் சர்ச் முடிந்து வந்து, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, கொட்டகைக்குப் பின்னால் வேலிக்கட்டையில் தக்காளி ஜூஸ் டப்பாக்களை வரிசையாக வைப்பார்கள். டப்பா 'டங்' என்று குதித்து விழும்போது அறுபது வயதுக்காரனும் ஆறு வயதுக்காரனாகச் சிரிப்பான். நானும் சிரித்திருக்கிறேன். இதைவிட மேலான காரணம் வேண்டுமென்றால் என்னிடம் இல்லை.

இல்லை, இருக்கிறது. மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விசையை அழுத்துகிற அந்த இரண்டு விநாடிக்குள் கடன், வேலை, ஊர் நினைப்பு எதுவும் வராது. கோபமும் வராது. கோபக்காரனால் ஐம்பது கஜத்தில் ஒரு டப்பாவைக்கூட அடிக்க முடியாது.

(பதினோரு மாதமாக நான் ஒரு டப்பாவையும் அடிக்கவில்லை. இதை இங்கே சொல்லியிருக்கக் கூடாது. இருக்கட்டும்.)

3

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

'மெர்ல் என்ற அந்த ஒல்லி மனிதன் ஏழாம் இடத்தில் குப்புறப் படுத்திருந்தான். அக்டோபர் காற்றில் அவன் கண்ணாடி பனித்தது. கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி ரைஃபிளைக் கன்னத்தில் சேர்த்தபோது—'

அடித்துவிட்டேன். இரண்டாம் வரைவு:

'மெர்லுக்குக் கோப்பை மீது ஆசை இல்லை. அவன் நல்லவன்தான், ஆனால்—'

இதையும் அடித்தேன். இந்த மெர்லை என்னால் நம்ப முடியவில்லை. அவன் செய்கிற எல்லாவற்றுக்கும் நானே காரணம் தேடிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். காற்று, பனி, கண்ணாடி, பாவம், நல்லவன். எந்தப் பாத்திரத்துக்கும் நான் இவ்வளவு வக்கீல் வேலை பார்த்ததில்லை.

மெர்ல் என்று யாரும் இல்லை. ஏழாம் இடத்தில் படுத்திருந்தவன் அய்யாசாமி. இங்கே எல்லோருக்கும் சாம். அதாவது நான்.

4

போன அக்டோபர், எங்கள் வட்டாரத்து இறுதிப் போட்டி. ஆளுக்கொரு அட்டை, அட்டையில் ஒரு கறுப்பு வட்டம், பத்துத் தோட்டா. என் இடப்பக்கம் ஆறாம் இடத்தில் வெர்னா ஸ்டட்ஸ்மன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், ஐம்பத்தாறு வயது. தோள் அறுவைக்குப் பிறகு தன் ரைஃபிளின் கட்டையைத் தானே இழைத்துத் தன் தோளுக்குப் பொருத்திக்கொண்டவள். அவள் வாய்க்குப் பயந்து வாத்துகூட எங்கள் மைதானத்தில் இறங்காது.

"சாம், உன் குறட்டையை நிறுத்து. போட்டி ஆரம்பிச்சாச்சு" என்றாள் படுத்தவாறே.

"மூச்சு விடறேன் வெர்னா."

"அதைக் கொஞ்சம் மெதுவா விடு. என் அட்டை ஆடுது."

ஏழு தோட்டா வரை நான் முன்னணியில் இருந்தேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. எட்டாவதுக்கு முன்னால் கண்ணாடியைத் துடைத்தேன் (அது பொய்யில்லை), திரும்பக் குனிந்தேன், வட்டம் கிடைத்தது, மூச்சை நிறுத்தினேன், சுட்டேன். சுட்ட பிறகுதான் அட்டைக்கு மேலிருந்த எண் கண்ணில் பட்டது. ஆறு.

பக்கத்து அட்டையில் சுடுவது எங்கள் ஆட்களுக்கே உரிய தவறு. வரிசையில் படுத்து ஒரே மாதிரி அட்டைகளைப் பார்க்கிற எவனும் ஒருநாள் செய்வான். அதற்கு எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. போட்டி முடிந்ததும் நடுவர் கேட்பார். சுட்டவன் கையைத் தூக்குவான். அந்த ஒரு தோட்டாவுக்கு அவனுக்குப் பூஜ்யம், அட்டைக்காரருக்கு எந்த நட்டமும் கிடையாது. அடுத்த வாரம் சுட்டவன் எல்லோருக்கும் ஒரு பெட்டி டோனட் வாங்கி வர வேண்டும். தண்டனை இவ்வளவுதான். ஒரு பெட்டி டோனட்!

நடுவர் ஹார்லன் பீச்சி. கூட்டுறவுத் தீவனக் கடைக்காரர், கிளப்பின் தலைவரும் அவரே. ஆறாம் அட்டையைக் கையில் எடுத்தார். எண்ணினார், மறுபடியும் எண்ணினார்.

"இதுல பதினொண்ணு இருக்கு. யாராவது பக்கத்து அட்டையில சுட்டீங்களா? வெட்கப்படாம கையைத் தூக்குங்க. எனக்குச் சாக்லேட் டோனட்தான் வேணும், சொல்லிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

வெர்னாவுக்கு அந்தப் பக்கம் இருந்த ஐந்தாம் இடத்துக்காரரின் அட்டையில் பத்து ஓட்டையும் தனித்தனியாகத் தெரிந்தன. என் அட்டையில் ஒரே பொந்து. நன்றாகச் சுட்டால் குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் ஒரு கிழிசலாகிவிடும். அதில் ஒன்பதா பத்தா என்று கடவுளாலும் எண்ண முடியாது. அப்படி இருந்தால் சுட்டவன் வாக்கே கணக்கு, அதுவும் எங்கள் வழக்கம்.

"சாம், பத்தும் சுட்டியா?"

"சுட்டேன்."

பத்தும் சுட்டேன்தானே? இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, நான் பொய்யே சொல்லவில்லை என்று பதினோரு மாதம் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். த்தூ.

(ஏன் கையைத் தூக்கவில்லை? ஜெயித்தால் கிடைக்கிற கோப்பை ஒரு காரணம். இன்னொன்று, ஹார்லன் பல வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்த நகைச்சுவை: "சாம் தப்பு பண்ணா திட்டாதீங்கப்பா, அவங்க ஊர்ல கவண்கல்தான்." அவர்கள் தவறினால் அது தவறு மட்டும். நான் தவறினால் என் ஊரே தவறியதாகிவிடும். இது உண்மைதான். ஆனாலும் இதையும் வக்கீல் வேலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.)

5

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். பதினோராவது ஓட்டை யாருடையது என்று தெரியவில்லை என்று விட்டிருப்பார்கள். ஆனால் வெர்னா போட்டி நடுவில் பெட்டியிலிருந்து பத்துக்கு மேல் இன்னொரு தோட்டா எடுத்ததை இரண்டு பேர் பார்த்திருந்தார்கள்.

இந்தச் சின்னத் தோட்டாவுக்கு மருந்து அடிவிளிம்புக்குள் இருக்கும். துப்பாக்கி ஊசி விளிம்பில்தான் தட்டும். சில சமயம் தட்டிய இடத்தில் மருந்து இருக்காது, வெடிக்காது. செத்த தோட்டா என்போம். கொஞ்ச நேரம் காத்திருந்து, வெளியே எடுத்து, வரிசைக் கோடியிலுள்ள காபி டப்பாவில் போட்டுவிட்டு வேறு தோட்டா போட்டுக்கொள்ளலாம்.

"ஒண்ணு செத்துப்போச்சு ஹார்லன். அதான் இன்னொண்ணு எடுத்தேன். டப்பாவுல கிடக்கு, போய்ப் பாரு."

"டப்பாவுல நாப்பது கிடக்கு வெர்னா. எது உன்னோடதுன்னு நான் ஜோசியம் பாக்கவா?"

"அப்ப நான் திருடின்னு சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. அட்டைதான் சொல்லுது. வேற யாரு? சாமா? சாம் பொய் சொல்ல மாட்டான், எல்லாருக்கும் தெரியும்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அந்த மைதானத்தில் நான் அவர்களில் ஒருவனாக ஆன நாள் அதுதான். அப்படி ஆக்கியவர்கள் என் நாணயத்தையே சாட்சிக்கு வைத்துக்கொண்டு அவளைத் தூக்கி எறிந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சியாக இருந்தது. ஆமாம், மகிழ்ச்சி. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதிப் பயனில்லை.

வெர்னா கிளப் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஊரில் அவள் பெயர் 'பதினொண்ணு'. காலைச் சிற்றுண்டிக் கடையில் யாராவது ஒருவர் கத்துவார்: "ஏய் பதினொண்ணு, முட்டை ரெண்டு போதுமா, தெரியாம இன்னொண்ணும் எடுத்துக்கறியா?" முதலில் அவளும் ஏதாவது திருப்பிச் சொன்னாள். பிறகு அந்தக் கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

காபி டப்பாவைக் காலி செய்கிற முறை நவம்பரில் எனக்கு வந்தது. ஒவ்வொரு துப்பாக்கி ஊசியும் விளிம்பில் தனக்கென்று ஒரு தழும்பு வைக்கும். வெர்னாவுடையது பழைய ரைஃபிள். ஊசி ஒரு பக்கம் தேய்ந்து, தழும்பு சாய்வாக விழும். அவள் கொட்டகைக்குப் பின்னால் எத்தனை ஞாயிறு அவளோடு சுட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆனது. அந்தத் தோட்டா இப்போது இந்த மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. எறியவும் இல்லை, காட்டவும் இல்லை. இரண்டுக்கும் தைரியம் வேண்டும்.

6

முடிவுகள்.

அ) நான் கிளப் கூட்டத்தில் எழுந்து தோட்டாவை மேசைமேல் வைக்கிறேன். ஹார்லன் தலைகுனிகிறார். வெர்னா என்னைக் கட்டிப்பிடித்து— இல்லை. இது என்னை நல்லவனாக்குவதற்காக எழுதிய முடிவு. பதினோரு மாதம் ஏச்சு வாங்கியவள் எதற்காக என்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும்?

ஆ) வெர்னா தானே கண்டுபிடிக்கிறாள். என் வீட்டுக்கு வருகிறாள், கையில் ரைஃபிள். ஆசிரியருக்குப் பிடிக்கும். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. தகர டப்பாவைத் தவிர எதையும் சுடாதவளை ஒரு கதைக்காகக் கொலைகாரியாக்கினால், ஊர் அவளுக்குச் செய்ததையே நானும் இரண்டாம் தடவை செய்கிறேன்.

இ) தோட்டாவைத் தபாலில் பெயரில்லாமல் ஹார்லனுக்கு அனுப்பி

(வாசலில் வண்டிச் சத்தம். இருங்கள்.)

7

வெர்னா வந்திருக்கிறாள். இதை அவள் எதிரில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ரைஃபிளை உறையோடு சமையலறை மேசையில் வைத்தாள். காபி கேட்டாள், கொடுத்தேன்.

"இதை விக்கணும் சாம். உனக்குத்தான் தரணும்னு தோணிச்சு."

"எனக்கு எதுக்கு?"

"அன்னிக்கு இருந்தவங்கள்ல நீ ஒருத்தன்தான் என்னை ஒரு வார்த்தை சொல்லல. ஒருத்தன் வாயை மூடிக்கிட்டு நிக்கறதே அன்னிக்கு எனக்குப் பெரிசா இருந்துச்சு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும்.

"நீ சுடாம இருப்பியா வெர்னா?" என்று கேட்டேன், எவ்வளவு கேவலமான கேள்வி என்று தெரிந்தே.

"டப்பாவை வைக்கறேன், படுக்கறேன், கோபம் வருது. கோபத்தோட இதைத் தொடக் கூடாது. அவ்வளவுதான்." காபியைக் கீழே வைத்தாள். "என்ன எழுதற? உங்க ஊர் எழுத்தா?"

"கதை."

"யாரைப் பத்தி?"

பேனா நின்றுவிட்டது. அவள் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, வரிகள் மேல் விரலை ஓட்டினாள். ஒரு எழுத்தும் அவளுக்குத் தெரியாது. இங்கே யாருக்குமே தெரியாது. பதினோரு மாதம் வாயைத் திறக்காதவன், அவர்களில் ஒருவராலும் படிக்க முடியாத மொழியில் ஏழு பக்கம் பாவமன்னிப்பு எழுதி, அதைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோழை.

"சுருள் சுருளா அழகா இருக்குடா" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கைகளைக் கட்டிச் சாய்ந்தாள். "எனக்கு இன்னிக்கு பஸ் கிடையாது. மொத்தத்தையும் இங்கிலீஷ்ல படிச்சுச் சொல்லு. மெதுவாவே சொல்லு."

அவள் காத்திருக்கிறாள். எனக்குத் தெரிந்த அத்தனையும் இப்போது உங்களுக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. நான் மெர்லிலிருந்து தொடங்கினால் அவள் நம்பிவிடுவாள்.

சொல்லுங்கள், எந்த வரியிலிருந்து படிக்கட்டும்?