பாடியது சிங்கர் சித்ராதேவி

முந்தின நாள் சாயங்காலம் ஊர் கேபிளில் ஒரு ரீமிக்ஸ் பாட்டு ஓடியது. ஜிகினாச் சட்டை போட்ட ஒரு பெண் ஆட, பின்னால் நாலு பையன்கள் குதித்தார்கள். பாட்டு முடிகிற நேரம் திரையின் அடியில் "சிங்கர்: சித்ராதேவி" என்று எழுத்து ஓடியது. அதுதான் வம்பாகிவிட்டது.

பனியன் கம்பெனியில் சிங்கர் என்றால் நேர்த்தையல் போடும் மிஷின். அதில் உட்கார்ந்து தைக்கிறவருக்கும் அதே பேர்தான். சாத்தூரிலிருந்து வந்த சித்ராதேவி அங்கே மூன்று வருஷமாகச் சிங்கர்.

காலை டீக்கு மிஷின்கள் நின்றதும், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருக்கும் மயிலாத்தாள் ஆரம்பித்தாள்.

"ஏங் கண்ணு, அந்தப் புள்ள போட்டிருந்த ஜிகினாச் சட்டை நீ தெச்சதா? கழுத்து நல்லா உக்காந்திருந்துச்சு."

"சட்டையா? நான் பாடுனேன்க்கா! அது என் பாட்டு."

"சிங்கர்னுதானே பேரு போட்டாங்க?"

"பாடுறவங்களுக்கும் இங்கிலீஷ்ல சிங்கர்னுதான்க்கா."

கட்டிங் மாஸ்டர் அர்த்தநாரி டீயை உறிஞ்சியபடி, "அப்ப நம்ம ஓவர்லாக் மிஷின் ஆளுக எல்லாம் என்ன, மிருதங்கமா அம்மிணி?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சித்ராதேவி சிரிக்கவில்லை. அந்தப் பாட்டுக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை ராபின் ஸ்டுடியோவில் நின்றிருக்கிறாள். ஊருக்கே தெரியாவிட்டால் போகிறது, கூட உட்கார்ந்து டீ குடிக்கிற இந்தப் பத்துப் பேராவது நம்ப வேண்டும் என்றிருந்தது அவளுக்கு.

"செரி, பாடிக் காட்டு" என்றாள் மயிலாத்தாள்.

இரண்டு வரி பாடினாள். கனத்த குரல், நிதானமாக வந்தது.

"நல்லாத்தான் பாடற. ஆனா டிவியில கீச்சுனு இருந்துச்சே கண்ணு. இது அந்தக் கொரலு இல்லியே."

"நான் மெதுவாத்தான் பாடுனேன்க்கா. ராபின் அண்ணன் அதக் கம்ப்யூட்டர்ல வேகமா ஓட்டி, நடுவுல டும்டும்னு போட்டு விட்டாரு. அதான் ரீமிக்ஸாம்."

"கொரலையே மாத்திப்போட்டா, அப்பறம் அது உன்றதுன்னு எப்படித் தெரியும்?"

மாஸ்டர் தன் செல்லில் அந்தப் பாட்டை ஏற்றி வைத்திருந்தார். போட்டார். மேளம் அதிர்ந்தது. கீச்சுக் குரல், "நீ அங்கிட்டுப் போனா நான் இங்கிட்டு வாறேன்" என்றது. அப்புறம் எதிலோ மாட்டிக்கொண்டதுபோல "அங்கி, அங்கி, அங்கிட்டு" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னது.

மயிலாத்தாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நிறுத்துங்க மாஸ்டர். பாட்டு எழுதுனது ஆரு கண்ணு?"

"ராபின் அண்ணன்தான். பல்லடத்துக்காரரு. அங்கே, இங்கேன்னுதான் எழுதிக் குடுத்தாரு. எனக்கு வாயில வரல. ரெண்டு தரம் திருத்திப் பாத்துட்டு, இதுவே நல்லாருக்குன்னு விட்டுட்டாரு."

"கேட்டீங்களா மாஸ்டர்? நம்மூருக்காரி ஆராச்சும் அங்கிட்டும்பாளா? அது சாத்தூர்ப் பேச்சு. பண்டல் எங்கன்னு கேட்டா, 'அங்கிட்டுக் கெடக்குக்கா'ன்னு இவ ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்றாளுங்க. இவளேதானுங்க!"

மாஸ்டர் இன்னொரு தரம் போட்டுக் கேட்டார். "அட, ஆமா. மிருதங்கம்னு சொன்னத மனசுல வெச்சுக்காத அம்மிணி."

"நம்புறீங்களாக்கா?"

"நம்பாம? ஆனா மத்த கம்பெனியில பாத்தவங்க எல்லாம் சட்டை தெச்சவன்னுதானே நெனச்சிருப்பாங்க? மாஸ்டர், கேபிள்காரரு நம்பரப் போட்டுக் குடுங்க."

போனை வாங்கி மயிலாத்தாள் சத்தமாகவே பேசினாள்.

"ஏனுங்க, நேத்துப் போட்டீங்களே ஜிகினாச் சட்டைப் பாட்டு, அதுல சிங்கர்னு போடாதீங்க. இங்க தெய்க்கறவன்னு ஆயிப்போகுது. பாடியவர்னு தமிழ்ல போடுங்க. பெருசாப் போடுங்க. சித்ராதேவி, ஆமாங்க."

அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினாள்.

"ஆடற புள்ளையும் நீதானான்னு கேக்கறாங்க."

"இல்லக்கா. அவ வேற. வாய மட்டும் அசைச்சா."

மயிலாத்தாள் கையை எடுத்தாள். "அது வேற ஆரோ சாமி. நீங்க கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க."