பத்து லட்சத்து ஒன்று

மனைவியை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனதிலிருந்து கணக்கருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையின் எண் 1000001. எந்த எண்ணைக் கண்டாலும் வகுத்து உடைக்காமல் அவர் விடமாட்டார். "பைத்தியம் முத்திப்போச்சு" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

இரண்டு, மூன்று, ஐந்து ஆகாதென்று பார்த்ததுமே தெரிந்தது. ஏழு, பதினொன்று, பதிமூன்று என்று நடந்துகொண்டே வகுத்தார். எல்லாவற்றிலும் மீதி நின்றது. எதனாலும் வகுபடாமல் தன்னந்தனியாக நிற்கிற எண்ணாக இது மட்டும் இருந்துவிடக் கூடாதென்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

தொண்ணூற்றேழை முடித்தபோது கதவு திறந்தது. ஓடினார். வேறு யாரோ நோயாளி. திரும்பி வந்து நூற்றுமூன்றிலிருந்து தொடர்ந்தார்.

"உக்காருங்க மாப்ள, பாக்கிற எனக்கே தலை சுத்துது" என்றார் அவள் அண்ணன்.

நானூற்றைத் தாண்டியபோது நர்ஸ் கூப்பிட்டாள். மனைவி கண் விழித்திருந்தாள். நாக்கு குழறியது.

"வகுபட்டுச்சா?"

"இல்ல. இன்னும் பாத்துட்டிருக்கேன்."

"நூத்தொண்ணை விட்டிருப்பீங்க. காலையில பயத்துல நானே போட்டுப் பாத்துட்டேன்."

அவர் மனத்துக்குள் வகுத்தார். மீதியே இல்லை.

"பைத்தியம் முத்திப்போச்சு உனக்கும்" என்றார், அவள் கையை விடாமல்.