வருணனின் கயிறு

கரையில் நின்று பார்த்தாலே சேரனின் படகு தெரிந்தது. காற்று இல்லை, பெரிய அலை இல்லை, இன்ஜினும் ஓடியது. ஆனால் கரைப்பக்கம் திருப்பியதும், யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் படகு கடலுக்குள்ளேயே போய்விடும். கடலூர் துறைமுகத்திலிருந்து போனவர்கள் கட்டி இழுத்துப் பார்த்து, வடம் அறுந்து திரும்பிவிட்டார்கள். பெரிய விசைப்படகு கேட்டு ஆள் போயிருந்தது.

ஜெனிட்டாவின் போன் அடித்தது.

“ஜெனி, நீ மட்டும் வராத” என்றான் சேரன். “இது நீரோட்டம் இல்ல. சொன்னா நம்ப மாட்ட.”

இரண்டு நாளுக்கு முன்புதான், கொச்சியில் கப்பல் படிப்புக்கு இடம் கிடைத்ததை அவனிடம் சொல்லியிருந்தாள். “சந்தோஷம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போனவன் அவன்.

அவள் அப்பா தைரியராஜ் வலையை உதறிக்கொண்டிருந்தார்.

“அப்பா, நம்ம போட்டை எடுத்துக்கினு போறேன்.”

அவர் வலையைக் கீழே வைத்தார். படகு ஓட்ட அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். “டீசல் ரொப்பி வச்சிருக்கேன். லைஃப் ஜாக்கெட்டப் போட்டுக்க” என்றார்.

சேரனின் படகை நெருங்கியபோதுதான் அவளுக்குக் கயிறு தெரிந்தது. கை பருமனில், வெளிறிய நீலத்தில், தண்ணீருக்கடியிலிருந்து எழுந்து படகைச் சுற்றியிருந்தது. தன் படகை அவன் படகின் பின்னால் கட்டிவிட்டு உள்ளே தாவினாள்.

“அன்னிக்கு உங்கிட்டேருந்து நேரா கடலுக்கு வந்துட்டேன்” என்றான். அவன் உதடுகள் வெடித்திருந்தன. “கரையில இனிமே எனக்கு இன்னா இருக்குன்னு சத்தமாச் சொன்னேன். சொல்லி முடிக்கல, கீழேருந்து இது வந்துச்சு. வருணனையே கட்டிப் போட்ட கயிறு இது. எங்கூரு கிள்ளை முகத்துவாரத்துலதான் சிவன் இத அறுத்து அவர வெளிய உட்டாராம். பாசமறுத்த துறைன்னு சொல்லுவாங்க.”

“அப்ப அங்க போவோம்.”

“கரைக்கே உட மாட்டேங்குது ஜெனி.”

“கரைக்குப் போக வேணாம். தெக்க ஓட்டு. அது இன்னா செய்யுதுன்னு பாப்போம்.”

தெற்கே திருப்பினார்கள். கயிறு தடுக்கவில்லை, கூடவே நீந்தி வந்தது. குடிகாட்டு ஆலைகளின் புகைபோக்கிகள் வலப்பக்கம் பின்னால் போயின. பரங்கிப்பேட்டை தாண்டியது. உச்சி வெயிலில் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டின் பச்சை தெரிந்தபோது சேரன் அழுதுவிட்டான்.

முகத்துவாரத்தில் இன்ஜின் நின்றது. தண்ணீர் சுவர்போல் எழுந்தது. கயிறு படகுக்குள் ஏறி அவன் இடுப்பை வளைத்து இறுக்கியது. அலைக்குள்ளிருந்து ஒரு பெண் நிமிர்ந்தாள். வெள்ளையே இல்லாத கரிய கண்கள். கூந்தலில் சங்குப்பூச்சிகள் ஊர்ந்தன.

“பெண்ணே, உன்னை யாரும் கட்டவில்லை. உன் படகில் ஏறிப் போய்விடு. இவன் கரை வேண்டாம் என்றவன்.”

ஜெனிட்டாவுக்குக் கோபம் அவள்மீது வரவில்லை. “நெஜமா வேணாமா?” என்று சேரனைக் கேட்டாள்.

“பயந்துட்டேன்” என்றான். “போவாதன்னு சொல்லிடுவேனோன்னு பயந்துதான் ஓடியாந்தேன். நீ போய்ப் படி. எனக்குக் கரை வேணும். லீவுக்கு நீ வர்றப்ப நான் எதிர்ல நிக்கணும்.”

கயிறு தளரவில்லை.

“கடலிடம் சொன்னது சொன்னதுதான்” என்றாள் கடற்பெண்.

ஜெனிட்டா லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டாள். கயிற்றின் வளையத்தை இரு கைகளாலும் விரித்தாள். உள்ளங்கை எரிந்தது. குனிந்து உள்ளே நுழைந்து, அவனோடு ஒட்டி நின்றாள்.

“அப்ப ரெண்டு பேரையும் புடிச்சுக்க.”

“ஜெனி, வெளிய போ!”

“சும்மா இரு.”

கயிறு ஒருமுறை இறுகியது. அவளுக்கு மூச்சு முட்டியது. பிறகு அது நடுங்கியது. யாருமில்லாதவர்களைக் கட்டியே பழகிய கயிறு. தானாக உள்ளே வந்து நிற்பவளை என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. முடிச்சு நெகிழ்ந்தது. நீலம் நுரையாகிப் படகின் பலகைகளில் வழிந்து ஓடியது.

கடற்பெண் அந்த நுரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டுகளிலும் அதே நீலத் தழும்பு இருந்ததை ஜெனிட்டா அப்போதுதான் கவனித்தாள்.

“நானும் ஒருநாள் கரை வேண்டாம் என்றேன்” என்றாள் அவள். குரல் இப்போது சின்னப் பெண்ணுடையதாக இருந்தது. “என்னைத் தேடி யாரும் வரவில்லை.”

ஜெனிட்டா சேரனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். இருவரும் படகின் விளிம்பிலிருந்து கை நீட்டினார்கள்.

“நீங்களும் வாங்க.”

அவள் விரல்கள் பனிக்கட்டியாக இருந்தன. அவளைப் பிடித்தபடியே, மறுபடி ஓடத் தொடங்கிய இன்ஜினோடு முகத்துவாரத்தைக் கடந்தார்கள். கடல் தண்ணீர் காயல் தண்ணீரோடு கலக்கும் இடத்தில் அவள் விரல்களில் சூடு ஏறியது. கண்களில் வெள்ளை தெரிந்தது. சிரித்தாள். கைகளை விடுவித்துக்கொண்டு, மரவேர்களுக்கு இடையே நீந்திப் போனாள். அந்தச் சிரிப்பு மட்டும் காட்டுக்குள் வெகுநேரம் கேட்டது.

படகுகளைக் கிள்ளையில் கட்டிவிட்டு, சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார்கள். சேரன் பசியில் தள்ளாடினான். கீழவீதியில் ஒரு ஓட்டலில் நாலு தோசை தின்ற பிறகுதான் பேச்சு வந்தது.

“கை எரியுதா?”

“கொஞ்சம்.”

அவன் அவள் உள்ளங்கையைத் திருப்பி, ஊதினான். பக்கத்து மேசைக்காரர் பார்த்தார். சேரன் கையை விடவில்லை. ஜெனிட்டாவும் இழுத்துக்கொள்ளவில்லை.