பூட்டுச் சப்பாத்து

என் மனுசன் ஜெயரூபனுக்குப் பழுது வலது கால் மட்டும்தான். வாய் நல்ல சுகம். அதனால்தான் அந்தச் சப்பாத்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் ஊர் பழுகாமம் முழுக்க அதே கதையாகக் கிடந்தது.

கால் சுனாமியில் பழுதானது. அவருக்குக் களுவாஞ்சிக்குடிக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர் வேலை. வேலைக்குக் கிட்ட என்று நாங்கள் கடற்கரைப் பக்கமாக ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். முதல் அலை குசினிச் சுவரை அவருடைய வலது காலில், முழங்காலுக்குக் கீழே சரித்துவிட்டு வற்றியது. நான் சுவரைத் தூக்கப் பார்த்தேன், அது அசையவில்லை. ஆறு வயது மகள் மேனுகா பயத்தில் என் இடுப்பில் ஏறித் தொங்கினாள். "புஸ்பம், நீ போ. புள்ளையக் கொண்டு ஓடு" என்றார். நான் ஓடினேன். இரண்டாவதாக வந்த தண்ணீர்தான் அந்தச் சுவரைப் புரட்டி அவரை விட்டது. பின்னேரம் ஆரோ அவரைத் தென்னந்தோட்டத்து வேலியில் கண்டு தூக்கி வந்தார்கள்.

அந்தப் பேச்சை அவர் பிறகு எடுத்ததேயில்லை. நானும் எடுக்கவில்லை. ஆனால் எனக்கு அவரில் கோபம் இருந்தது. போ என்று சொன்ன கோபம். அவர் சொல்லியிராவிட்டால் நான் நின்றிருப்பேன், மூன்று பேரும் சேர்ந்து போயிருப்போம் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தாலும் கோபம் கோபம்தான்.

அதற்குப் பிறகு கடல் சத்தம் கேட்கிற இடத்தில் இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வாவிக்கு இந்தப் பக்கம், பழுகாமத்தில் என் சீதன வீட்டுக்கு வந்தோம். வேலை மட்டும் அந்தப் பக்கமே கிடந்தது. கால் எலும்பு பொருந்திவிட்டது, நரம்பு பொருந்தவில்லை. பாதத்தை அவரால் நிமிர்த்த முடியாது. சைக்கிள் மிதித்தால் பாதம் பெடலிலிருந்து வழுக்கும், பெடல் சுற்றி வந்து கெண்டைக்காலில் அடிக்கும். கடைசியில் நான் மிதிக்க, அவர் பின் கரியரில் இருக்க, பட்டிருப்புப் பாலம் தாண்டிக் கந்தோருக்குப் போய் வந்தோம். கடை வாசலில் சீதேவிப்பிள்ளை அக்கா ஒவ்வொரு நாளும் ஒரே கேள்விதான் கேட்பா.

"புஸ்பம், இண்டைக்கு மாப்பிளைய எங்க கா கொண்டு இறக்கப் போறாய்?"

நான் சிரிப்பேன். அவர் சிரிக்கமாட்டார். எல்லாருக்கும் பதில் வைத்திருக்கிற மனுசன், கரியரில் ஏறினால் மட்டும் பேச்சில்லாமல் வருவார். அது எனக்கு அவருடைய காலை விட வருத்தமாக இருந்தது.

சுனாமிக்குப் பிறகு வந்த வெள்ளைக்காரர்களில் கார்லா என்று ஒருத்தி, கால் கைக்குப் பயிற்சி கொடுக்கிறவள். ஆள் என்னை விட இரண்டு சாண் உயரம், பாதமும் ஆம்பிளைப் பாதம். சண்டை கூடி அவர்களை ஊருக்குப் போகச் சொன்னபோது, தன் சைக்கிளின் இரண்டு பெடலையும் கழற்றி, அதோடு போடுகிற சப்பாத்தையும் இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். சப்பாத்தின் அடியில் ஒரு இரும்புத் துண்டு. பெடலில் அதற்கு ஏற்ற ஒரு வாய். மிதித்தால் டக் என்று பூட்டிக்கொள்ளும். பிறகு கால் வழுக்காது, தூக்கினாலும் வராது. கழற்ற வேண்டுமென்றால் குதிக்காலை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும், அதற்கும் ஒரு டக்.

பூட்டுவது அவருக்கு ஒரு பின்னேரத்தில் பழகிவிட்டது. கழற்றுவதற்குத்தான் எங்கள் வேலி பாதி போனது. நின்ற சைக்கிளோடு அப்படியே சரிந்து விழுவார். விழுந்து கிடந்துகொண்டே "சரிவரும், சரிவரும்" என்பார். கடைசியில் நான்தான் வழி சொன்னேன்: பழுதான வலது காலுக்கு மட்டும் சப்பாத்து, இடது காலுக்குச் செருப்பு. நிற்பாட்டும்போது இடது காலை ஊன்றி நின்றுகொண்டு வலது குதியை ஆறுதலாகத் திருப்பலாம். ஒரு காலில் சப்பாத்தும் ஒரு காலில் செருப்புமாக அவர் கந்தோருக்குப் போனார். ஊர் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். மனுசனுக்கு வாய் திரும்பி வந்துவிட்டது.

எனக்கு இருந்த பயம் பாலத்தில் ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றிதான். சென்றிக்கு முன்னால் வெள்ளை அடித்த தார்ப் பீப்பா ஒன்று இருக்கும். அந்தப் பீப்பாவுக்கு இந்தப் பக்கமே சைக்கிளால் இறங்கிவிட வேண்டும். தொப்பி இருந்தால் கழற்றி, சைக்கிளை உருட்டிக்கொண்டு, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழக்கும்போதே பீப்பாவைக் கண்டால் இறங்கு என்றுதான் பழக்குவோம். அந்த மாரி மழை தொடங்கியபோது வேறொரு சென்றியில் இறங்காமல் போன ஒருவருக்கு வெடி விழுந்திருந்தது. காது கேளாத மனுசன் என்று பிறகு சொன்னார்கள்.

"பீப்பாவக் கண்ட பிறகு இறங்குவம் எண்டு இருக்காதீங்க. அதுக்கு முந்தி மதகடியிலயே இறங்குங்க" என்று தினமும் சொல்லித்தான் அனுப்புவேன்.

"ஓம் புள்ள, ஓம். எத்தின தரம் சொல்லுவாய்" என்பார்.

இரண்டாயிரத்து ஒன்பது தைப்பொங்கல் கழிந்த கிழமை மேனுகாவின் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் பாஸ் பண்ணியிருந்தாள். அவள் காலையிலேயே வேனில் களுவாஞ்சிக்குடிக்குப் போய்விட்டாள். வன்னியில் சண்டை இறுகிக்கொண்டு போவதாக ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் ஆமியிடம் பிடிபட்டு ஒன்றரை வருசமாகியும், அங்கே வெடித்தால் இங்கே சென்றிக்காரரின் முகம் மாறும்.

நான் சாறி உடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவர் இரண்டு காலிலும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார். நீளக் காற்சட்டை, வெள்ளைச் சேட்.

"என்ன இது?"

"புள்ளைட பரிசளிப்புக்கு ஒரு காலில செருப்போட போறதா? ஏறு. இண்டைக்கு நான் உன்னக் கொண்டு போறன்."

வேண்டாம், இடது காலுக்குச் செருப்பைப் போடுங்க என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தேன். சுனாமிக்குப் பிறகு அந்த முகத்தை நான் அப்படிக் கண்டதில்லை. ஏறிவிட்டேன். கடை வாசலில் சீதேவிப்பிள்ளை அக்காவுக்குக் கேள்வி தொண்டையில் சிக்கிக்கொண்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

இரவு பெய்த மழையில் ரோட்டோரம் எல்லாம் சேறு. இடையில் ஒரு தரம் நிற்பாட்டி, நான் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள அவர் கழற்றி இறங்கியதில் அந்தச் சேறு சப்பாத்தின் அடியிலும் ஏறிவிட்டது. மதகுக்கு முந்திய வளைவில் திரும்பினோம். பீப்பா வழக்கமான இடத்தில் இல்லை. மதகுக்கு இந்தப் பக்கம், வளைவு முடிகிற இடத்திலேயே, எங்களுக்கு நேர் முன்னால் நின்றது. இரவோடு இரவாக முன்னுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் புது மண்மூடை. அதற்குப் பின்னால் நான் கண்டிராத ஒரு ஆமிக்காரப் பொடியன்.

அவர் பிரேக்கைப் பிடித்தார். நான் குதித்துவிட்டேன். அவரும் வழக்கம் போல இடது காலை ஊன்றப் போனார். அந்தக் காலும் பூட்டிக் கிடந்தது. சைக்கிள் பீப்பாவைத் தாண்டி, இடது பக்கமாக, அவரோடு சேர்ந்து அப்படியே விழுந்தது.

பொடியன் துவக்கை நீட்டிவிட்டான். இறங்கு என்று சிங்களத்தில் கத்தினான். விழுந்து கிடக்கிறவர் எங்கே இறங்குவது? இடது கால் சைக்கிளுக்குக் கீழே, வலது கால் மேலே பெடலோடு. அவர் எழும்பப் பார்த்தார், சைக்கிளும் சேர்ந்து எழும்பியது. பிறகு கையை மெல்லச் சப்பாத்துப் பட்டிக்குக் கொண்டு போனார்.

பொடியன் துவக்கின் பூட்டை இழுத்தான். டக்.

"காலத் தொடாதீங்க" என்றேன். "ரெண்டு கையையும் தூக்குங்க. அப்பிடியே கிடங்க."

அவர் கையைத் தூக்கினார். வரிசையில் நின்ற சனம் சைக்கிள்களோடு பின்னுக்குப் போனது. ரோட்டில் நானும் அவரும் மட்டும். நானும் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு அடி வைத்தேன். துவக்கு என் பக்கம் திரும்பி, மறுபடி அவர் பக்கம் போனது. அந்தப் பொடியனும் பயந்திருந்தான். பயந்தவன் கையில் இருக்கிற துவக்குக்குத்தான் நாங்கள் கூடுதலாகப் பயப்படுவோம்.

அவர் தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார். சத்தம் போடாமல் சொன்னார்.

"புஸ்பம், நீ போ. புள்ள பாத்துக்கொண்டிருப்பாள்."

அவ்வளவு காலமும் அடக்கி வைத்திருந்த கோபம் முழுக்க ஒரேயடியாக என் தலைக்கு ஏறியது.

"ஒருக்காப் போனது போதும். வாயப் பொத்திக்கொண்டு கிடங்க."

எனக்குத் தெரிந்த சிங்களம் நாலு சொல். "மாத்தயா, ககுல லெட" என்றேன், கால் வருத்தம் என்று. பொடியன் காலைப் பார்த்தான். அங்கே கண்டது இரும்போடு சேர்ந்து கிடக்கிற ஒரு கறுப்புச் சப்பாத்து. இன்னும் பயந்துவிட்டான்.

கழற்றுவது பெரிய வேலையில்லை. குதியைப் பிடித்துத் திருப்பினால் சரி. ஆனால் திருப்பினால் அந்தச் சத்தம் வரும். அவன் இப்போதுதான் இழுத்தானே, கிட்டத்தட்ட அதே சத்தம். முன்கூட்டிச் சொல்லாமல் அந்தச் சத்தம் கேட்டால் அவன் விரல் விசையை அமத்திவிடும். அதைச் சொல்லுவதற்கு என்னிடம் சிங்களம் இல்லை.

நான் தூக்கிய கைகளில் ஒன்றால் சப்பாத்தைக் காட்டினேன். நாக்கை அண்ணத்தில் வைத்து "டக்" என்றேன்.

அவன் கத்தினான். நான் மறுபடி காட்டினேன். "டக்." கையைத் திருப்பிக் காட்டினேன். "டக்." சாறி உடுத்த ஒரு பொம்பிளை நடுரோட்டில் நின்று பல்லி மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேறு நேரமென்றால் நானே சிரித்திருப்பேன். மூடைக்குப் பின்னால் இருந்து வயது கூடிய ஒருவர் எழும்பி வந்து அவனிடம் ஏதோ சொன்னார். அவன் துவக்கை இறக்கவில்லை. ஆனால் ஒரு அடி பின்னுக்கு வைத்தான். பெரியவர் என்னைப் பார்த்து நாடியை நிமிர்த்திக் காட்டினார், செய் என்று.

நான் சேற்றில் முழங்கால் போட்டு அவருடைய வலது குதியை இரண்டு கையாலும் பிடித்தேன். அந்தக் கால் எப்போதும் குளிர்ந்தே கிடக்கும், சப்பாத்துக்கு மேலாகவும் தெரிந்தது. "டக்" என்று வாயால் சொல்லிவிட்டுத் திருப்பினேன்.

சத்தம் வரவில்லை. சேறு இறுகியிருந்தது. நான் சொல்லிவிட்டேன், சப்பாத்து சொல்லவில்லை. இனி எந்த நேரமும் வரலாம், அவன் எதிர்பார்க்காத நேரத்தில் வரலாம். பின்னால் அவன் மூச்சுக் கேட்டது. மறுபடி "டக், டக், டக்" என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே, அன்றைக்குச் சுவரைத் தூக்க எவ்வளவு பலம் போட்டேனோ அவ்வளவையும் போட்டுத் திருப்பினேன். சுவர் அசையவில்லை. இது அசைந்தது.

டக்.

நான் கண்ணை மூடியிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கால் என் மடியில் விழுந்தது. பிறகு சைக்கிளைத் தூக்கி இடது காலையும் எடுத்தேன்.

சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். பெரியவர் அதைப் புரட்டிப் பார்த்தார். அடியில் இருந்த இரும்பை விரலால் தட்டினார். பெடலில் வைத்து அமத்தினார், டக். திருப்பினார், டக். பொடியனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவனும் அமத்தினான், திருப்பினான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் மாறி மாறி அதைச் செய்துகொண்டிருந்தார்கள். என் மனுசன் அந்த நேரம் முழுக்க வெறுங்காலோடு சேற்றில் நின்றார், இரண்டு கையும் மேலே. இறக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நான்தான் போய் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டேன்.

கடைசியில் சப்பாத்தைத் திருப்பித் தந்து போகச் சொன்னார்கள். பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். அவருடைய வெள்ளைச் சேட் ஒரு பக்கம் முழுக்கச் சேறு. என் சாறி சொல்லத் தேவையில்லை. பாலத்தின் நடுவில் அவர் நின்றார். கீழே வாவி சும்மா கிடந்தது.

"போகச் சொன்னனான். ஏன் போகல்ல?"

திட்டுவதற்கு எவ்வளவோ வைத்திருந்தேன். வந்தது இவ்வளவுதான்.

"அண்டைக்கு இடுப்பில புள்ள இருந்தவள். இண்டைக்கு இல்ல" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். முகத்தைத் துடைக்கிற மாதிரி கண்ணையும் துடைத்தார். குனிந்து வலது காலுக்கு மட்டும் சப்பாத்தைப் போட்டார். இடதுச் சப்பாத்தை ஹாண்டிலில் கொழுவிவிட்டு, பாலத்தின் மற்றத் தொங்கலில், மறு முனையில் இருந்த சென்றியையும் உருட்டியபடியே தாண்டினார். பிறகு சைக்கிளில் ஏறி, வெறுங்காலை ரோட்டில் ஊன்றிக்கொண்டு "ஏறு, புள்ள பாத்துக்கொண்டிருப்பாள்" என்றார்.

கரியரில் ஏறி இருந்தேன். எனக்கு முன்னால் அவருடைய பாதம் பெடலை அமத்தியது. டக். என் உடம்பு முழுக்க ஒரு தரம் துள்ளியது. சேட்டை இறுக்கிப் பிடித்துவிட்டேன்.

"நான்தான், புஸ்பம்" என்றார்.

"தெரியும். மிதியுங்க" என்றேன்.