ஏழாவது பேனா

எங்கள் ஆய்வகத்து டெக்னீஷியனுக்குச் 'சுங்கச்சாவடி' என்று பெயர் வைத்தவன் நான்தான். சால்மோனெல்லா கிருமி வளர்க்கும் அறையின் கதவு அவள் பொறுப்பு. மேல்கோட்டைக் கழற்றி உள்ளேயே மாட்டினோமா, கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உரித்துப் போட்டோமா, சோப்புப் போட்டுக் கழுவினோமா என்று பார்க்காமல் ஈ காக்காயைக்கூட வெளியே விடமாட்டாள். பெரிய விஞ்ஞானி என்று பேர், எனக்கும் அதே கதிதான்.

அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். கிருமிக் குழாயை வெறுமனே கையில் பிடித்துக்கொண்டு நடக்கமாட்டாள். மூடி போட்ட டப்பாவில் வைத்துத்தான் நகர்த்துவாள். மேசையில் மருந்து தெளித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் நிற்பாள். ஒன்பதில் துடைத்தால் குடியா முழுகிவிடும் என்று ஒருமுறை கேட்டேன். "ஒன்பதுல சாகாதது பத்துல செத்துடும் சார், நிக்கறேன்" என்றாள். துளி அவசரம் கிடையாது. ஆனாலும் எங்கள் எல்லாருக்கும் முன்னால் முடித்துவிடுவாள். அப்போதெல்லாம் எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது.

உள்ளே சிவப்பு நாடா சுற்றிய ஏழு பேனாக்கள் உண்டு. அவையும் காகிதமும் வெளியே வரக்கூடாது. சாயங்காலம் ஒருவர் கண்ணாடிக்கு உள்ளே நின்று அன்றைய எண்களை உரக்க வாசிப்பார். இன்னொருவர் வெளியே நின்று சுத்தமான நோட்டில் எழுதிக்கொள்வார். வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகள் மாதிரி இருப்போம்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் விடுப்பு. வெளியே நின்று எழுத ஆள் இல்லை. எண்களைத் துண்டுத் தாளில் குறித்து, தாளையும் பேனாவையும் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மூன்று வயது மகள் அந்தப் பேனாவால் படம் வரைந்தாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. திங்களன்று ரத்தம் கலந்து போனதும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "உன் தம்பி கண்ட கடையில வாங்கின கேக்குதான்!" என்று மனைவியிடம் குதித்தேன். மைத்துனன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். பரிசோதனையில் சால்மோனெல்லா என்று வந்தது. மருந்து ஏற்றி ஒரு நாள் ஆகியும் காய்ச்சல் இறங்கவில்லை. குழந்தை துவண்டு கிடந்தாள்.

செவ்வாய் மதியம், விடுப்பு முடிந்து வந்த சுங்கச்சாவடி போன் பண்ணினாள்.

"சார், உள்ள ஆறு பேனாதான் இருக்கு."

"என் பொண்ணு இங்க சால்மோனெல்லாவுல உயிருக்குப் போராடறா, உனக்குப் பேனா!" என்று கத்தினேன்.

அவள் மெதுவாகக் கேட்டாள். "பாப்பாவுக்கு என்ன மருந்து போகுது சார்?"

பெயரைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஆய்வகக் கிருமி அந்த மருந்துக்கு மசியாது. அந்த மருந்தைக் கலந்த தட்டில்தான் கிருமியை வளர்க்கிறோம். மற்றதெல்லாம் செத்து அது மட்டும் நிற்கும்.

"நானே டாக்டருக்குப் போன் பண்ணுவேன் சார். ஆனா நம்பர் தேடணும், ஆளைப் பிடிக்கணும். நீங்க பக்கத்துல இருக்கீங்க. ஓடுங்க."

ஒரு வார்த்தை திட்டவில்லை. ஓடினேன். டாக்டருக்குப் பக்கத்தில் மனைவியும் மைத்துனனும் நின்றிருந்தார்கள். வேலை போகும் என்று தெரியும். "கேக்கு இல்ல டாக்டர். என் சட்டைப் பையில இருந்து வந்தது" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் உடனே மருந்தை மாற்றினார். மனைவி என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வியாழக்கிழமை காய்ச்சல் விட்டது. மகள் எழுந்து உட்கார்ந்து மாமாவிடம் கேக்கு கேட்டாள். மைத்துனன் என்னைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதான். அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்த வாரம் ஆய்வகத்தில் அவள் எழுதிய விபத்து அறிக்கையை நீட்டினாள். என் பெயரைத் தேடினேன். அது இரண்டாவதாக இருந்தது. முதல் வரியில், விடுப்பு எடுத்த அன்று மாற்று ஆளை நியமிக்காதது தன் தவறு என்று எழுதியிருந்தாள்.

"இந்த வரிய அடிச்சிடுங்க. உங்க மேல என்ன தப்பு?" என்றேன். அவளை நான் 'நீங்கள்' என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

"அன்னைக்கு கதவுல யாரும் இல்லையே சார். அடுத்த தடவை நான் லீவு போட்டா யாராவது நிக்கணும். அதுக்குத்தான் எழுதறது."

வேலை போகும் என்று இருந்தவனுக்கு அடுத்த தடவையாம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.